சின்னவனுக்கு நாவூறு கழித்த காலை

மூன்று கிழமைக்கு முன்னம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் கட்டடத்தில் இருக்கிற வயசாளிகள் இருபத்தாறு பேரையும் நான் ஒரேயடியாகக் கார் பார்க்கில் இறக்கினேன்.

நைட்டிக்கு மேலே கோட் போட்டவர்கள், கோட் இல்லாமல் போர்வையோடு வந்தவர்கள், வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், பூனையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மனுசி... ஜனவரிக் குளிர். வானம் இன்னும் வெளிக்கவில்லை. உள்ளே அலாரம் காது கிழியக் கத்துகிறது. நீல வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது.

இவ்வளவுக்கும் காரணம் — மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு, ஜப்பானில் இருக்கிற ஒரு மல்யுத்தக்காரப் பிள்ளை.

எதிலிருந்து தொடங்க? பிள்ளையிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேப்பரும் பேனையும் தந்தால் வாய் ஓயாது. ஆளை நேரே கண்டால் வாய் திறவாது. லண்டன் குட்மேய்ஸில், வயசானவர்களுக்கென்று கட்டின குடியிருப்பில், இரண்டாம் மாடியில் இருக்கிறேன். மகள் மில்டன் கீன்ஸில். "அம்மா, எங்களோட வந்து இருங்கோவன்" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். யோசிக்கிறேன் என்று நானும் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவேன். இதெல்லாம் எழுதியிருக்கிறேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் சுமோ பார்க்கிற ஆள்.

வெட்கத்தில் எழுதவில்லை. வேறென்ன?

வலது முழங்காலில் ஒப்பரேஷன் செய்த வருசம், பயிற்சி சொல்லித் தந்த பிசியோப் பிள்ளை காலை அகட்டி நிற்கச் சொன்னாள். ஒரு காலைத் தூக்கி, மெதுவாக வைக்க வேணும். "சுமோக்காரர் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். சுமோ என்றால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விளங்கின மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்து, மகளிடம் கேட்டேன். அவள் அடுத்த முறை வந்தபோது டிவியில் தேடிப் போட்டுக் காட்டினாள்.

முதலில் கண்ணைப் பொத்தினேன். கோவணத்தோடு இரண்டு ஆம்பிளைகள். ஒவ்வொருத்தரும் ஒரு ஃப்ரிட்ஜ் அளவு. விரலிடுக்கால் பார்க்கிறேன்... ஒருத்தன் ஒரு பிடி உப்பை அள்ளி வட்டத்துக்குள் எறிகிறான்.

உப்பா? கையை எடுத்துவிட்டேன்.

உப்பு எறிந்து, காலைத் தூக்கி நிலத்தை மிதித்து, ஆளை ஆள் முறைத்து, திரும்பிப் போய் இன்னும் உப்பு அள்ளி... ஆயத்தம் நாலு நிமிஷம். சண்டை ஐந்தாறு விநாடி. வட்டத்துக்கு வெளியே கால் பட்டால் தோல்வி. பாதத்தைத் தவிர உடம்பில் வேறு எது நிலத்தில் பட்டாலும் தோல்வி. இதைப் பார்க்க ஆங்கிலம் தேவையா?

இன்னொன்று. வென்றவன் துள்ளுவதில்லை. தோற்றவன் முறைப்பதில்லை. இரண்டு பேரும் குனிந்து வணங்கிவிட்டுத் தங்கள் தங்கள் பாட்டில் போகிறார்கள். கூச்சப்பட்ட ஆட்களுக்கென்றே உலகத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறதென்று எழுபத்துமூன்று வயசு வரைக்கும் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் போட்டி நடக்கும். அங்கே பின்னேரம், எங்களுக்கு விடியக்காலமை. தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன் என்றால் உலகம் எனக்கில்லை.

என் ஆள் சின்னவன். உண்மைப் பெயர் என் வாயில் நுழையாது. அந்தக் கூட்டத்திலேயே சின்ன ஆள், அதனால் சின்னவன். வயசும் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வலது முழங்காலில் தடித்த கட்டு. அவன் காலைத் தூக்கும்போது எனக்கு நோகும்.

பதினைந்தில் எட்டு வென்றால் இருக்கிற இடத்தில் இருக்கலாம். ஏழு என்றால் கீழே இறக்கிவிடுவார்கள். சின்னவன் ஏற்கெனவே மேல் பிரிவின் அடியில் இருந்தான். இன்னும் இறங்கினால் இரண்டாம் பிரிவு. நான் பார்க்கிற நிகழ்ச்சியில் இரண்டாம் பிரிவைக் காட்டுவதில்லை.

ஜனவரியில் முதல் பத்து நாளில் ஏழு வெற்றி. எனக்குத் தரையில் கால் படவில்லை. பிறகு தோல்வி, தோல்வி, தோல்வி, தோல்வி. சனிக்கிழமை முடிய ஏழுக்கு ஏழு. எல்லாம் கடைசி ஞாயிற்றுக்கிழமையின் தலையில்.

மகளைத் தவிர என் சுமோ ரகசியம் தெரிந்த ஒரே ஆள், கீழ் மாடியில் இருக்கிற பாக்கியக்கா. யேர்மனியில் இருபது வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஒருநாள் காலையில் சீனி வாங்க வந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"எடியே, விடிஞ்சும் விடியாமல் கோவணம் கட்டின ஆம்பிளையளையோ பாக்கிறாய்? கோயிலுக்கு வா எண்டால் கால் நோகுது எண்டுறாய்."

"அவையள் உப்பு எறிஞ்சுதான் தொடங்குவினம் அக்கா. பக்தியான ஆக்கள்."

"உப்பு எறிஞ்சால் பக்தியோ? அப்ப மூலைக்கடை ஃபிஷ் அண்ட் சிப்ஸ்காரன் பெரிய சாமியார்."

அந்தப் பாக்கியக்காவிடம்தான் சனிக்கிழமை மனம் பொறுக்காமல் சொன்னேன், நாலு நாளாகப் பிள்ளை தோற்கிறான் என்று.

"நாவூறு" என்றார், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு. "உலகம் முழுக்கப் பாத்துக்கொண்டிருக்குது. உடம்பில உடுப்பும் இல்லை. நாவூறு படாமல் என்ன செய்யும்?"

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

நாவூறு, கண்ணூறு, திருஷ்டி... எப்படியும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கழித்திருக்கிறோம், மாப்பிள்ளை பொம்பிளைக்குக் கழித்திருக்கிறோம், புதுக் காருக்குக்கூடக் கழித்திருக்கிறோம். டிவிக்குக் கழித்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேணும்.

ஞாயிறு காலை மூன்று செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். சின்னவனின் முகத்தைக் கிட்டக் காட்டினார்கள். எழும்பிப் போய் டிவியை மூன்று தரம் சுற்றினேன். ஊர்க்கண் உறவுக்கண் எல்லாம் போகட்டும்.

சுற்றினதை நெருப்பில் போட வேணுமே. எங்கள் கட்டடத்தில் நெருப்பு ஏது? மின்சார அடுப்பு. பழைய தாச்சிச் சட்டி ஒன்றை முன்கூட்டியே காய வைத்திருந்தேன். அதற்குள் போட்டேன்.

மிளகாய் எரியும்போது நெடி அடிக்காவிட்டால் நாவூறு பட்டிருந்தது என்று அர்த்தம். அடித்தால், நாவூறே இல்லை. இதுதான் எங்கள் கணக்கு. நெடி வராது என்ற நம்பிக்கையில் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

அடித்தது பாருங்கள் ஒரு நெடி.

குசினி அலாரம் கத்தத் தொடங்கியது. கண் தெரியவில்லை, மூச்சு வரவில்லை. ஜன்னலைத் திறக்க வேண்டிய மனுசி என்ன செய்தேன்? வாசல் கதவைத் திறந்து, துவாயால் விசுக்கி விசுக்கிப் புகையை வெளி நடைபாதைக்கு அனுப்பினேன். வீட்டு அலாரம் வீட்டுக்குள் மட்டும் கத்தும். நடைபாதை அலாரம் கத்தினால் முழுக் கட்டடமும் இறங்க வேணும். குடிவந்த நாளிலேயே தெளிவாகச் சொல்லித் தந்தார்கள். அன்றைக்கும் தலையை ஆட்டியிருப்பேன்.

சட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கி, அடுப்பை அணைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். சின்னவன் குனிந்து கையை நிலத்தில் ஊன்றப் போகிறான். படிக்கட்டில் ஆட்கள் இறங்குகிற சத்தம். கதவைச் சாத்திவிட்டு நானும் இறங்கினேன்.

கார் பார்க்கில் எனக்குப் பக்கத்தில் டெஸ்மண்ட் நின்றார். என் வாசலுக்கு எதிர் வாசல். ஜமைக்காவில் பிறந்து லண்டனில் முப்பது வருசம் பஸ் ஓட்டினவர். மனைவி போய் ஆறு வருசம். என்னைக் கண்டால் "மோர்னிங், நெய்பர்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். ஒன்பது வருசமாக எங்கள் கதை பேச்சு அவ்வளவும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உப்பு மீனை உறைப்பான மிளகாயோடு போட்டுப் பிரட்டுகிற வாசம் என் கதவுக்குள்ளால் வரும். எனக்கு அது பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் பாதிச் சவரத்தில் ஓடி வந்திருந்தார். ஒரு கன்னத்தில் சோப் நுரை.

"இந்த முறையும் டோஸ்ட்டா, டெஸ்?" என்று பூனைக்காரி கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை அவரால் அலாரம் அடித்திருக்கிறது. ஒருமுறை டோஸ்ட், ஒருமுறை மறந்துபோன பானை.

"நான் இல்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன்" என்றார்.

தீயணைப்புக்காரர் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடியாம். நெருப்பு இல்லையாம். யாரோ மிளகாய் போட்டுச் சமைத்திருக்கிறார்களாம். கதவு திறந்து கிடந்த டெஸ்மண்டின் வீட்டு அடுப்பில் சட்டி இருந்ததாம்.

எல்லாரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களை 'அமைதியான ஆட்கள்' என்பார்கள். பாதிப் பேருக்கு அது அமைதி இல்லை, ஆங்கிலம் இல்லாதது. எனக்கு இரண்டும். அமைதியான ஆள்மேல் சந்தேகமே வராது என்பது எவ்வளவு பெரிய வசதி, சொல்லுங்கள். இப்போது சொல்லுவோம், இப்போது சொல்லுவோம் என்று நாற்பது நிமிஷம் குளிரில் நின்றேன். சொல்லவில்லை.

திரும்பி மேலே போக லிஃப்டில் நானும் அவரும் மட்டும்.

"நெய்பர்," என்றார் மெதுவாக. "சட்டியை நான்தான் அடுப்பில் வைத்தேன். வெங்காயமும் வெட்டி வைத்தேன். அடுப்பைப் போட்டேனா இல்லையா என்று... எனக்கே இப்போது தெரியவில்லை." விரலால் நெற்றியைத் தட்டினார். "என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது."

நான் தலையை ஆட்டினேன்.

ஒன்பது வருசப் பழக்கம். ஆனால் அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 'ஓம், நீங்கள்தான்' என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே.

வீட்டுக்குள் வந்தால் சின்னவனின் போட்டி முடிந்துவிட்டது. டிவியில் பதிவாகித்தான் இருக்கிறது. ஒரு பொத்தானை அமத்தினால் சின்னவன் வந்துவிடுவான். கை போகவில்லை.

பாக்கியக்கா போன் எடுத்தார்.

"எடியே, உண்மையைச் சொல்லு. அது எங்கட செத்தல் மிளகாய் மணம்."

சொன்னேன். போனுக்குள் மூக்கால் ஒரு சத்தம். சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கியது.

"பேசாமல் இரு" என்றார் கடைசியில். "கட்டடம் பாக்கிற வெள்ளைக்காரிக்கு நாவூறு எண்டால் என்னெண்டு ஆர் விளங்கப்படுத்திறது? உன்ர மகள் கேள்விப்பட்டால் அடுத்த நாளே உன்ர பெட்டியைக் கட்டி உன்னைக் கூட்டிக்கொண்டு போடுவாள், மில்டன் கீன்ஸுக்கு."

அது உண்மை. மகளுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

"டெஸ்மண்ட் பாவம் அக்கா."

"அவருக்கு என்ன? ரெண்டு தரம் மாட்டின மனுசன், மூண்டாந்தரமும் மாட்டினால் என்ன வந்தது?"

என்ன வந்தது என்பது திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தெரிந்தது.

கட்டடத்தைப் பார்க்கிற லின்டா எல்லாரையும் பொது அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். லின்டா நல்ல பிள்ளை. மடியில் ஃபைல், முகத்தில் கவலை. மூன்றாவது முறை என்றபடியால் டெஸ்மண்டின் அடுப்பைத் துண்டிக்கத்தான் வேண்டும் என்றார். மைக்ரோவேவ் தருவார்களாம். ஞாபகசக்தியைச் சோதிக்க டாக்டரிடமும் எழுதுவார்களாம். "இது உங்கள் பாதுகாப்புக்குத்தான், டெஸ்."

டெஸ்மண்ட் சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். "நானாகத்தான் இருக்கும்" என்றார்.

நான் ஆட்டிவைத்த தலை அது.

சுமோவில் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்துக்குக் கீழே, நாலு பக்கமும், கறுப்பு உடுப்போடு ஐந்து நடுவர்கள் வாய் திறக்காமல் இருப்பார்கள். மேலே நிற்கிறவர் விசிறியைக் காட்டி வென்றவன் இவன் என்று சொல்லியும் விடுவார். அது பிழை என்று கீழே இருக்கிறவருக்குப் பட்டால் கத்தமாட்டார், எழும்பி ஓடமாட்டார். கையை உயர்த்துவார். அவ்வளவுதான். முழு அரங்கமும் நின்றுவிடும். ஐந்து பேரும் மேலே ஏறிக் கதைத்துவிட்டு முடிவைச் சொல்லுவார்கள். சில நேரம் தீர்ப்பே மாறும்.

அந்த வட்டத்தில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அவர்களின் வழக்கம். அதில் எனக்குக் கோபம் உண்டு. லின்டாவின் வட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையே.

கையை உயர்த்தினேன்.

லின்டா என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "டாய்லெட்டா? போய்விட்டு வாங்கோ" என்று கதவைக் காட்டினார்.

கையை இறக்கவில்லை.

"நொட் டெஸ்மண்ட்" என்றேன். "மீ. மை ஹவுஸ். சில்லி. சோல்ட். சுமோ."

"சுமோ?" என்றார் லின்டா.

எனக்கு இருந்த ஆங்கிலம் முடிந்துவிட்டது. பாக்கியக்காவைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். அரைவாசி ஆங்கிலம், மிச்சம் யேர்மன், நடுவில் கையால் டிவியைச் சுற்றுகிற பாவனை. கோவணத்தையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "இது எங்கட ஹெல்த் அண்ட் சேஃப்டி" என்று ஒரு முத்தாய்ப்பும் வைத்தார்.

பூனைக்காரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். நான் நிலத்துக்குள் போய்விடலாமா என்று இருந்தேன்.

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் அடுப்பைப் போடவில்லை?"

"நொட் யூ" என்றேன்.

"நான் இல்லை."

"நொட் யூ."

கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டார். "நான் இல்லை" என்று இன்னொரு முறை தனக்குத்தானே சொன்னார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. லின்டா தண்ணீர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

அடுப்பு அவருக்கே. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். முதல் முறைதானே, அதனால் வெறும் கடிதம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று லின்டா கொஞ்ச நேரம் பேனையைக் கடித்தார். கடைசியில் 'சமையல்' என்று எழுதிக்கொண்டார்.

பின்னேரம் என் கதவில் தட்டினார்கள். டெஸ்மண்ட். கையில் பொரித்த வாழைப்பழத் தட்டு.

"மோர்னிங், நெய்பர்" என்றார். மணி நாலு.

"மோர்னிங்" என்றேன். ஒன்பது வருசத்தில் முதல் தரம்.

"இவ்வளவு பாடுபடுத்திய அந்த ஆளை நான் பார்க்க வேணும்" என்றார். உள்ளே வரச் சொன்னேன். டிவியைப் போட்டேன். அது வரைக்கும் எனக்கும் முடிவு தெரியாது.

சின்னவன் உப்பு எறிந்தான். கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்தான். குனிந்தான், கையை ஊன்றினான், பாய்ந்தான். மற்றவன் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. சின்னவனின் குதிக்கால் வட்டத்துக்கு வெளியே.

நாலு விநாடி.

"இவ்வளவுதானா?" என்றார் டெஸ்மண்ட். "இதற்கா நான் பாதிச் சவரத்தோடு நாற்பது நிமிஷம் குளிரில் நின்றேன்?"

சின்னவன் திரும்பி வந்து, குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனான். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. டெஸ்மண்ட் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். வாழைப்பழம் நல்ல இனிப்பு. அதையும் சொன்னேன். உப்பு மீன் வாசத்தைப் பற்றியும் சொன்னேன். வாய் திறந்தால் நிற்காது போல இருக்கிறது.

மகளுக்கும் நானே போன் பண்ணிச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே, "அம்மா, இனி நீங்கள் தனிய இருக்கேலாது" என்றாள்.

"தனிய இல்லையே" என்றேன். "மார்ச்சில திரும்பப் போட்டி தொடங்குது. டெஸ்மண்டும் வாறார். இரண்டாம் பிரிவை எங்க பாக்கலாம் எண்டு தேடிச் சொல்லு."

பிறகு தேடிச் சொன்னாள். இன்டர்நெட்டில் பார்க்கலாமாம், ஆனால் விடிய ஐந்தரைக்கு எழும்ப வேணுமாம். நாலு மணிக்கே முழித்துக் கிடக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

நேற்றுப் பாக்கியக்கா சீனி வாங்க வந்தார். வந்தவர் சும்மா போகவில்லை.

"இருபத்தாறு பேரும் இருமின இருமலுக்கு, உன்ர பிள்ளைக்கு நாவூறே இருந்திருக்காது. அப்ப ஏனடி தோத்தவன்?"

"மற்றவன் நல்லாத் தள்ளினவன், அக்கா."